மருந்தும் அளவும்

மருந்து எவ்விதம் நோயைத் தீர்க்கிறது என்று கேட்பார் பலர். உட்சென்ற மருந்து எவ்விதம் வெளியேறுகிறது என்று கேட்பார் மிகச் சிலர். இவ்வலட்சியத்தால் விளையும் தீங்கைக் குறித்தே இன்று எழுதலாயினோம்.

1941ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், இங்கிலாந்திலே ஆக்ஸ்போர்டு ஆஸ்பத்திரியில், முகமெல்லாம் சீழ்பிடித்துக் கிடந்த ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் போலீஸ்காரருக்குப் பெனிசிலின் செலுத்தினர். சுரம் தணிந்தது. ஆனால் அக்காலத்தில் அம்மருந்து அற்பமாகவே கிடைத்தது. செலுத்தியதையும் அவரது சிறுநீரகங்கள் சில மணி நேரத்தில் வெளித்தள்ளின. சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் உபயோகித்தனர். அதுவும் போதவில்லை. மார்ச்சு 15ந் தேதி அவர் இறந்தார்.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்தினின்று வடித்து, ஏறக்குறைய முழுவதையும் மீட்டுக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவே வெளிவிடுகின்றன. பெனிசிலின் போன்றவற்றையோ, வடிகட்டுவதோடு நில்லாமல், அவற்றிலுள்ள நுண்குழல்கள் இரத்தத்திலிருந்து தாமே இழுத்து வெளியேற்றுகின்றன; விரைவின் காரணம் இதுவே.

இவ்வுறுப்புகள் தளர்ந்தால் நிலைமை தலைகீழாகும். ஜெண்டாமைசின் என்ற மருந்து நல்ல தேகிகளின் இரத்தத்தில் இரண்டு மூன்று மணியில் பாதியாகிவிடும். சிறுநீரகம் ஓய்ந்தவரிடத்திலோ அதற்கு இரண்டு நாளும் செல்லும். முன்போலவே வேளை தவறாமல் கொடுத்துவந்தால் மருந்து தேங்கும். காது செவிடாகவுங் கூடும்.

வயது ஏற ஏற இச்சக்தி குறைகிறது. கிரியாட்டினின் அளவை மட்டும் பார்த்துத் திருப்தியடைவதும் பிசகு. அப்பொருள் தசையிலிருந்து உண்டாவதாகலின், தசை வற்றிய கிழவரிடம் அது குற்றமற்ற எண்ணாகவே தோன்றும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரத்தைக் காக்கிராப்ட், கால்ட் என்ற இருவர் 1976லேயே வெளியிட்டனர். ஒரு நிமிஷக் கணக்கு! அதற்கும் அவகாசமில்லை என்னும் வைத்தியர், தஸ்தாவேஜைப் பாராமல் கோர்ட்டில் எழுந்து நிற்கும் வக்கீலுக்கு ஒப்பாவார். (நமது தொழிலிலும் அத்தகையோர் உண்டு, மறைப்பானேன்?)

மருந்துக் கடைகளின் போக்கு இதனினும் மோசம். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தையே குறைக்கக்கூடியவை. வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென்று சட்டமிருந்தும், மூட்டுவலி என்று வந்த முதியவருக்கு ஒரு கேள்வியுமின்றி அட்டையைக் கிழித்துக் கொடுக்கின்றனர்.

அறுபது வயது கடந்தவரின் மருந்துச் சீட்டில், பெயருக்குக் கீழே, சிறுநீரகத்தின் சக்தியைக் காட்டும் எண்ணையும் எழுதவேண்டுமென்று ஸர்க்கார் உத்தரவிடட்டும். இரத்தப் பரிசோதனை பல ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே நடந்துவருகிறது. கூடுதலாக வேண்டுவது காகிதத்தில் ஒரு வரியே.