சாப்பாடு நெஞ்சுல அடைக்குதா? ‘கேஸ்’னு விட்டுடாதீங்க!

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்யாணப் பந்தி. எல்லோரும் பாயசத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் இன்னும் பருப்புச் சோற்றிலேயே இருக்கிறார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேறு. ‘மெதுவா சாப்பிடுற ஆள்’ என்று விட்டுவிடுவோம். வருடக்கணக்கில் இப்படியென்றால், அது நோயாகவும் இருக்கலாம்.

பெயர், ஈசினோபிலிக் ஈசோபேஜைட்டிஸ். அலர்ஜியால் உணவுக்குழாயில் வரும் அழற்சி. 1990-களின் தொடக்கத்தில்தான் இது தனி நோய் என்றே மருத்துவ உலகம் அடையாளம் கண்டது. ஆஸ்துமா, தோல் அலர்ஜி, அடுக்குத் தும்மல் உள்ளவர்களிடம் அதிகம். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். ஈசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் உணவுக்குழாய்ச் சுவரில் குவிகின்றன. கவனிக்காமல் விட்டால் குழாய் தடித்துச் சுருங்கிவிடும். மரச்சீனிக்கிழங்கும் இறைச்சியும் நெஞ்சில் நிற்கும். குழந்தைகள் என்றால் வாந்தி, வயிற்றுவலி, சாப்பிட அடம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் சரியாக இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம். எண்டோஸ்கோப்பியில் குழாய் நார்மலாகவே தெரியலாம். அதனால் குறைந்தது 6 சிறு துணுக்குகள் எடுத்து பயாப்ஸி பார்க்க வேண்டும். மைக்ராஸ்கோப்பின் ஒரு பார்வைப் பரப்பில் 15 அல்லது அதற்கு மேல் ஈசினோபில்கள் இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால் நோய் உறுதி. எனவே, ‘பயாப்ஸியும் எடுப்பீங்களா டாக்டர்?’ என்று கேட்கத் தயங்காதீர்கள்.

சிகிச்சை என்ன?

அமிலம் குறைக்கும் மாத்திரை பலருக்குப் பலன் தரும். அடுத்தது, விழுங்கும் ஸ்டீராய்டு. ஆஸ்துமா இன்ஹேலர் மருந்தையே உள்ளே இழுக்காமல் வாயில் அடித்து விழுங்கச் சொல்வார்கள். அதன்பின் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. குழாய் சுருங்கியிருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாக விரிப்பார்கள். டுபிலுமாப் ஊசிக்கு அமெரிக்கா 2022-ல் அனுமதி தந்தது.

மூன்றாவது வழி, உணவை நிறுத்திப் பார்ப்பது. ‘அப்போ மீன் குழம்பு?’ என்று பதறாதீர்கள். முதல் சந்தேகம் பெரும்பாலும் பால்மீதுதான். பிறகு கோதுமை, முட்டை. மீன் பட்டியலில் பின்னால்தான். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு.

கவளம் அடைத்து எச்சில்கூட இறங்கவில்லையா? சோற்றுருண்டை, மட்டிப்பழம் கொடுத்துத் தள்ளப் பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்!