ஆண்கள் பின்னும் குல்லாய்



மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் திருத்தணியில் விடியற்காலைப் பனி வாட்டத் தொடங்கிவிடும். 365 படியேறி மலைக்கோயிலில் முடியிறக்கிய குழந்தைகளும், சுப்ஹுத் தொழுகைக்குப் புறப்படும் முதியவர்களும் காதை மூடும் கம்பளிக் குல்லாயைத் தேடுவர். அதைக் கடையில் வாங்குவோம். அல்லது பின்னத் தெரிந்த தாய்மார் பின்னித் தருவர். வீட்டு ஆண்மகன் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தால், "இது பெண்பிள்ளை வேலையாயிற்றே!" என்று நகைக்க மாட்டோமா?

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டில் இந்த நகைப்பு செல்லாது. இரு காதுகளுக்கும் மடல் வைத்து, பல வண்ணங்களில் பின்னப்படும் குல்லாய்க்கு அங்கே 'சூயோ' என்று பெயர். ஒட்டக இனத்தைச் சேர்ந்த அல்பாக்காவின் உரோமத்திலும் ஆட்டு உரோமத்திலும் அதைப் பின்னுவர். பெரு நாட்டில், சுமார் 3,800 மீட்டர் உயரத்திலுள்ள திதிகாகா ஏரியின் தக்கீலே தீவில் குல்லாய் பின்னுவோர் ஆண்களே! சிறுவயதிலேயே கற்றுக்கொள்கின்றனர். அத்தீவு ஆண்கள் அணியும் நீண்ட குல்லாய், மணமானவருக்கு முழுச் சிவப்பு. மணமாகாதவருக்கு மேற்பாதி வெள்ளை. தக்கீலேயின் நெசவுக் கலையை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

இக்கலை அங்கே சென்ற வழியும் சிந்திக்கத்தக்கது. இன்று கிடைக்கும் மிகப் பழைய ஊசிப் பின்னல்களுள் பல, இஸ்லாமிய ஆட்சிக்கால எகிப்தைச் சேர்ந்தவை. ஸ்பெயினில் 1275இல் இறந்த இளவரசர் ஃபெர்னாண்டோவின் கல்லறையில், அரபு எழுத்துப் பின்னிய பட்டுத் தலையணை உறை கிடைத்தது. முஸ்லிம் கைவினைஞரின் வேலை அது என்பர் ஆய்வாளர். 1532இல் ஸ்பானியர் பெருவில் கால்வைத்த பின், பின்னல் ஊசியும் அம்மலைகளில் ஏறியது.

பின்னும் முறை கடினமன்று. ஐந்து வயதுப் பிள்ளைக்கு, 10 சென்டிமீட்டரில் 20 கண்ணி விழும் கம்பளி நூல் போதும். முதலில் காதுமடல்கள். 5 கண்ணியில் தொடங்கி, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை இருபுறமும் ஒவ்வொன்று கூட்டி 21 ஆக்குங்கள். இரண்டு மடல்களுக்கிடையே நெற்றிப் பக்கம் 33, பிடரிப் பக்கம் 21 கண்ணி ஏற்றினால் மொத்தம் 96. வட்டமாக 11 சென்டிமீட்டர் பின்னியபின், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எட்டு இடங்களில் ஒவ்வொன்று குறையுங்கள். உச்சியில் எஞ்சும் 8 கண்ணியில் நூலைக் கோத்து இறுக்குங்கள். மடல் நுனியில் கயிறு பின்னினால் குல்லாய் தயார்!

சற்றே எண்ணிப் பாருங்கள். பொதட்டூர்பேட்டையிலும் பள்ளிப்பட்டிலும் தறியில் அமர்ந்து நெய்யும் ஆண்களை யாரும் நகைத்ததில்லை. தறி ஆணுக்கு இழுக்கில்லையெனில் ஊசி மட்டும் எவ்வாறு இழுக்காகும்? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அதைப் பள்ளியில் கேட்டுவிட்டு, அறுந்த பொத்தானுக்காகத் தாயையும் தமக்கையையும் கூவி அழைக்கும் பிள்ளைகளை அல்லவா நாம் வளர்க்கிறோம்?

வரும் விடுமுறையில் மகளுக்கு ஒரு ஜோடி ஊசி வாங்கும்போது மகனுக்கும் ஒரு ஜோடி வாங்குங்கள். அவன் பின்னும் முதல் குல்லாய் கோணலாகத்தான் இருக்கும். இருக்கட்டுமே! அதை அவனுடைய பாட்டனார் தலையில் வைத்து விடட்டும். மறுமுறை நேராக வரும்.