வாடை உடலில் இல்லை, உடையில் உள்ளது

பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பள்ளித் திடல்களில் கபடியும் கைப்பந்தும் ஆடும் பிள்ளைகள் பலர் இன்று பாலியஸ்டர் ஜெர்சியே அணிகின்றனர். துவைத்து மடித்து வைத்த அச்சட்டை, உடலில் பட்டுச் சற்று வியர்த்ததும் மீண்டும் வாடை வீசுகிறது. “உடம்பில் ஏதும் கோளாறா?” எனப் பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு, அருகில் நிற்கும் பிள்ளை தலைகுனிகிறது. அக்கூச்சத்தால் ஒரு பிள்ளையும் விளையாட்டைக் கைவிடலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

புதிதாய்ச் சுரக்கும் வியர்வைக்குப் பெரும்பாலும் வாடை இல்லை. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதனைச் சிதைக்கும்போதே வாடை பிறக்கிறது. பருத்தி ஈரத்தை உள்வாங்கும். பாலியஸ்டரோ நீரை ஏற்காது, உடலின் எண்ணெய்ப் பசையைப் பற்றிக்கொள்ளும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு மணி நேரம் மிதிவண்டிப் பயிற்சி செய்த 26 பேரின் சட்டைகளைச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டனர். பருத்தியைவிடப் பாலியஸ்டரே மிகுதியாக நாறியது. வாடைக்குக் காரணமான மைக்ரோகாக்கஸ் கிருமிகள் அதில் பெருகியிருந்தன.

நம் பகுதியில் நீருக்கும் இதில் பங்குண்டு. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைகளுக்கு வளம். துணி துவைப்போருக்கோ தொல்லை. சுண்ணாம்பு கரைந்த கடின நீரில் சோப்பு நன்கு நுரைக்காது. பிசுக்காகத் திரிந்து துணியில் படியும். அத்தகைய நீருக்குச் சலவைத்தூளே ஏற்றது. மணமூட்டும் திரவங்களை விளையாட்டு உடைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அவை துணிமேல் படலமாகப் படிந்து அழுக்கைக் காக்கின்றன. வாடையை நீக்காமல் மறைக்கின்றன.

செய்யவேண்டியவை எளியவை. ஈர உடையைப் பையில் திணித்து வைக்காமல் அன்றே துவையுங்கள். உட்புறத்தை வெளியே திருப்பி, சலவைத்தூள் கலந்த வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, அக்குள் பகுதியை நன்கு கசக்குங்கள். தூளை அளவாக இட்டு, நுரை நீங்கும்வரை அலசி, வெயிலில் முற்றிலும் உலர்த்துங்கள். கொதிநீரும் பிளீச்சும் இழுவைத் துணியைக் கெடுக்கும்.

இடுப்பிலோ தொடையிடுக்கிலோ அரிப்புடன் வட்டத் தடிப்பு தோன்றினால் அது படர்தாமரையாக இருக்கலாம். அப்போது அவ்வுடைகளையும் துண்டையும் தனியே துவையுங்கள்; ஒருவர் துண்டை மற்றவர் பயன்படுத்தலாகாது. கடையில் தாமாக வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கி நோயைப் பரப்பும். இரவில் உடை நனையுமளவு வியர்வையும் எடைக்குறைவும் சேர்ந்தால் தாமதியாது மருத்துவரிடம் வாருங்கள்.

மற்றபடி, வியர்ப்பது நலமான உடலின் இயல்பு. பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். துவைக்கும் முறையை மாற்றுவோம்.