ஓடிப் பழகின கால்

மேற்குத் தாம்பரத்தில் என் மச்சினன் குதிரை வாங்கக் கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமை முடிச்சூர் பக்கம் ஹாயாகச் சவாரி போகணுமாம்! காயடித்த குதிரை, கிண்டி ரேஸில் ஓடினது. 2024-ல் அரசு அந்த மைதானத்தின் குத்தகையை ரத்து செய்வதற்கு முன்பே ரிடையர்.

"சாதுதானே பாய்?" என்றேன்.

"தங்கம் சார். ஆனா கடிவாளத்தை இழுத்தா நிக்காது, இன்னும் வேகமா ஓடும். ரேஸ் பழக்கம் அப்படி. பக்கத்துல இன்னொரு குதிரை வந்தா முந்தப் பார்க்கும். ஆறு மாசம் நடக்கப் பழக்கணும். அவசரப்பட்டீங்க, நீங்க ஆஸ்பத்திரியில, இது மெரினாவுல!"

விற்கிறவரே குறை சொல்கிறாரே என்று அசந்துபோனேன். மச்சினன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். சவாரி ஆறு மாசம் கழித்துத்தான்.

வீட்டுக்கு வந்தால், ரிடையரான அப்பா எட்டு மணி பீச் லோக்கலுக்கு வாட்ச் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாலு வருஷமாக!