ஆங்கில வகுப்பில் தமிழ் பேசாதே: எந்த ஆய்வு சொன்னது?

தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகள் பலவற்றில் ஓர் அறிவிப்பைப் பார்க்கலாம்: ‘ஸ்பீக் ஒன்லி இன் இங்கிலீஷ்’. வராந்தாவில் இருக்கும், மாடிப்படியில் இருக்கும், தண்ணீர்க் குழாய்க்கு மேலேயும் இருக்கும். மீறினால் அபராதம் வாங்கும் பள்ளிகள் உண்டு. டைரியில் எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லும் பள்ளிகள் உண்டு. தமிழில் பேசியவர்களின் பெயரை எழுதித் தரச் சொல்லி கிளாஸ் லீடரை ஒற்றனாக்கி வைக்கும் பள்ளிகளும் உண்டு. பெற்றோர் யாரும் சண்டைக்குப் போவதில்லை. “கண்டிப்பா இருந்தாத்தான் சார் பிள்ளைக்கு இங்கிலீஷ் வரும்” என்று அவர்களே சொல்கிறார்கள். 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவத் தொடங்கின. கூடவே இந்த நம்பிக்கையும் அங்கே குடியேறியது.

இதைத் தமிழுக்கு நேர்ந்த அவமானம் என்று மேடையில் முழங்குவது சுலபம். முழங்குகிறவர்களில் சிலர் வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையை அதே பள்ளியில் சேர்க்கவும் செய்கிறார்கள். எனவே தமிழின் மானத்தை இப்போதைக்கு ஓரமாக வைப்போம். நான் ஆங்கிலத்துக்காகக் கேட்கிறேன். பிள்ளையின் வாயைக் கட்டினால் ஆங்கிலம் வரும் என்று எந்த ஆய்வு சொன்னது?

ஆங்கிலம் கற்பித்தல் என்பது உலகம் முழுக்கப் பெரிய ஆய்வுத்துறை. அதற்கென்று இதழ்கள், மாநாடுகள், பல்கலைக்கழகத் துறைகள் எல்லாம் இருக்கின்றன. தாய்மொழியைத் தடை செய்த வகுப்பில்தான் ஆங்கிலம் நன்றாக வளரும் என்ற முடிவுக்கு அந்தத் துறை வந்து சேரவில்லை. கையில் இருக்கும் ஆய்வுகளில் முக்கியமானவை எதிர்த்திசையில்தான் கை காட்டுகின்றன.

விதி வந்த வழி

அப்படியானால் இந்த விதி எங்கிருந்து வந்தது? ஒரு கிளை வியாபாரத்திலிருந்து வந்தது. 1878-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் மாக்சிமிலியன் பெர்லிட்ஸ் ஒரு மொழிப் பள்ளி தொடங்கினார். பிரெஞ்சு சொல்லித்தர அவர் அமர்த்திய உதவியாளருக்கு ஆங்கிலமே தெரியாதாம். பெர்லிட்ஸ் நோயில் படுத்து எழுந்து வந்து பார்த்தால் மாணவர்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார்களாம். அந்த நிறுவனமே பெருமையாகச் சொல்லும் கதை இது. இதில் ஒரு தொழில் சூட்சுமம் இருக்கிறது. மாணவனின் மொழி ஆசிரியருக்குத் தெரிய வேண்டாம் என்றாகிவிட்டால் ஒரே ஆசிரியரை எந்த ஊருக்கும் அனுப்பலாம், ஒரே பாடப்புத்தகத்தை எல்லா நாட்டிலும் விற்கலாம். காசு கொடுத்து விரும்பி வந்து படிக்கும் பெரியவர்களுக்கு அது சரிப்பட்டும் வந்திருக்கலாம்.

இன்னொரு கிளை ஆட்சி அதிகாரத்தின் நிழலில் வளர்ந்தது. 1961-இல் உகாண்டாவின் மெக்கரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கற்பித்தல் மாநாடு நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. பிற மொழிகள் நுழைந்தால் தரம் கெடும். இந்த ஐந்து நம்பிக்கைகளும் அங்கே வேர்பிடித்ததை ராபர்ட் பிலிப்சன் 1992-இல் வந்த தன் நூலில் எடுத்துக்காட்டினார். ஐந்தையும் அவர் பொய்நம்பிக்கைகள் என்றே பெயரிட்டார். நம் பள்ளிகளின் விளம்பரப் பலகையை வாசித்துப் பாருங்கள். அந்த ஐந்தில் குறைந்தது மூன்றாவது அதில் இருக்கும்.

சோதித்தவர்கள் கண்டது

2008-இல் பாத்யா லாஃபர், நானி கிர்சாய் என்ற இருவர் இஸ்ரேலில் செய்த ஓர் ஆய்வு வெளியானது. பள்ளி மாணவர்களை மூன்று குழுக்களாக்கி, அவர்களுக்குத் தெரியாத ஒரே சொற்களையும் சொற்சேர்க்கைகளையும் மூன்று விதமாகக் கற்பித்தார்கள். முதல் குழுவுக்கு வாசிப்பும் உரையாடலும் மட்டும். இரண்டாவது குழுவுக்குச் சொற்களில் கவனம் குவிக்கும் பயிற்சிகள். மூன்றாவது குழுவுக்குத் தாய்மொழியோடு ஒப்பிட்டு விளக்கமும் மொழிபெயர்ப்புப் பயிற்சியும். மறுநாள் சோதித்தபோதும் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதும் மூன்றாவது குழுதான் தெளிவாக முன்னால் நின்றது.

கனடாவில் நடந்தது இன்னும் சுவையானது. பிரெஞ்சு வழியில் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி ஆங்கிலம். ஜோடி ஜோடியாக ஒரு வேலையைச் செய்யும்போது அவர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று மெரில் ஸ்வெயினும் ஷரன் லாப்கினும் பதிவுசெய்து பார்த்தார்கள். 2000-இல் வெளியான அந்த ஆய்வின்படி அதில் வெட்டிப்பேச்சு சிறு பகுதிதான். பெரும்பகுதி, ‘இந்தச் சொல் சரியா’, ‘அடுத்து என்ன எழுதலாம்’ என்ற வேலைப்பேச்சு. பிரெஞ்சில் யோசிக்க ஆங்கிலத்தை ஏணியாக வைத்திருந்தார்கள். நம் வகுப்பில் “டேய், ‘வென்ட்’டா ‘கான்’னாடா?” என்று பக்கத்துப் பையனிடம் தமிழில் கேட்பவனும் அதே ஏணியில்தான் நிற்கிறான். கிளாஸ் லீடரின் நோட்டில் ஏறுவதும் அவன் பெயர்தான்.

வேற்றுமை உருபில் ஒளிந்திருக்கும் ‘த’

ஆய்வெல்லாம் வெளியூர்ச் சமாச்சாரம் என்பவர்களுக்கு நம் வீட்டு உதாரணம் ஒன்று. ‘எ’ எப்போது, ‘த’ எப்போது? தமிழ்ப் பிள்ளைகளைப் பள்ளி முழுக்கத் துரத்தும் கேள்வி இது. தமிழில் ஆர்டிகிள் கிடையாது என்று சொல்லிவிட்டு விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். ஆனால் “அண்ணன் புத்தகம் வாங்கினான்” என்றால் ஏதோ ஒரு புத்தகம். “அண்ணன் புத்தகத்தை வாங்கினான்” என்றால் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த புத்தகம். முதலாவது ‘ஹி பாட் எ புக்’, இரண்டாவது ‘ஹி பாட் த புக்’. நாலு வயதுப் பிள்ளைகூடத் தடுமாறாமல் செய்யும் வேறுபாடு இது. இரண்டும் அச்சுப் பிசகாமல் பொருந்தாது என்பது உண்மை. எழுவாயில் இந்த உருபு வராது. மனிதர்களைக் குறிக்கும் சொல் செயப்படுபொருளானால் எப்போதும் வரும். ஆனாலும் ‘த’ என்ன வேலை செய்கிறது என்று பிள்ளைக்கு உறைக்க இதைவிட நல்ல வாசல் இல்லை.

இன்னொன்று. “அந்தப் படத்தை நேத்து பாத்தேன்.” “அந்தப் படத்தைப் பாத்திருக்கேன்.” இந்த இரண்டும் ஒன்றில்லை என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம். முதலாவது ‘ஐ சா’, இரண்டாவது ‘ஐ ஹேவ் சீன்’. இரண்டு நிமிடத்தில் புரிகிற இதை, தமிழை வெளியே நிறுத்திவிட்டு, ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ்’ என்ற பெயரில் வாரக்கணக்கில் குழப்புகிறோம். பிள்ளையின் மண்டைக்குள் ஏற்கெனவே ஒரு முழு இலக்கணம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தொடாமல் பாடம் நடத்து என்பது ஆசிரியரின் கையைக் கட்டிவிட்டுப் பானை வனையச் சொல்வது.

நம் வகுப்பறைகளில்

இந்த மண்ணிலேயே பாடம் இல்லையா என்றால், இருக்கிறது. 1950-களின் கடைசியில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு மதராஸ் மாநிலத்தில் ஒரு பெரும் பயிற்சி இயக்கம் தொடங்கியது. சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பலருக்குக் கொடுத்து, உருட்டிவிட்ட பனிப்பந்து பெருகுவதுபோல் 27,000 ஆசிரியர்களை எட்டுவது திட்டம். ஆங்கில வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி, வாயால் சொல்லவைத்துச் சொல்லவைத்துப் பதிய வைக்கும் முறை அது. ‘திஸ் இஸ் எ பென்’ தலைமுறை இப்படி உருவானதுதான். பிள்ளைகள் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். சொந்தமாக ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுபோனார்கள்.

இந்தக் குறையைப் பார்த்துத்தான் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் வேறொன்றைச் செய்து பார்த்தார். ரயில் கால அட்டவணை, வரைபடம் என்று யோசித்துத் தீர்க்க வேண்டிய கணக்குகளை ஆங்கிலத்தில் கொடுத்தார். கவனம் அர்த்தத்தில் இருந்தால் இலக்கணம் பின்னால் வரும் என்பது அவர் எண்ணம். ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசினார். ஆனால் ஆங்கிலத்தில் பேசியே தீர வேண்டும் என்று பிள்ளைகளை நெருக்கவில்லை. புரிந்துகொள்வது முன்னால், பேச்சு பின்னால். உலகமெங்கும் பணிவழிக் கற்பித்தல் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த முயற்சியிலிருந்து தொடங்குகிறார்கள். நம் பள்ளி நிர்வாகிகளில் எத்தனை பேர் பிரபுவின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

யாழ்ப்பாணத்தில் சுரேஷ் கனகராஜா ஆங்கில ஆசிரியர்களின் வகுப்புகளைக் கவனித்து 1995-இல் எழுதினார். ஆங்கிலம் மட்டும் என்பதே அங்கும் கொள்கை. ஆனால் ஒரு பிள்ளையைத் தட்டிக்கொடுக்க, பயத்தைப் போக்க, கடினமான சொல்லை ஊர் வாழ்க்கையோடு சேர்த்து விளக்க ஆசிரியர்கள் தமிழுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். நம்மூரில் நல்லாசிரியர்கள் தினமும் செய்வதும் இதுதான். இன்ஸ்பெக்ஷன் வந்தால் மறைத்துவிடுகிறார்கள். நன்றாகக் கற்பிப்பதை ஒருவர் ஒளிந்து செய்ய வேண்டியிருப்பதைவிடக் கேவலம் கல்வித்துறைக்கு வேறென்ன?

“தமிழ்லயே ஓட்டித்தானே சார் கெட்டுப்போச்சு?”

இந்த ஆட்சேபம் நியாயமானது. ஆங்கிலப் பாடத்தை ஒரு வரி வாசித்து, கதையைத் தமிழில் சொல்லி, கேள்விக்குப் பதிலைப் போர்டில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைக்கும் வகுப்பு எல்லோரும் பார்த்ததுதான். பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் காதில் விழுவதே அந்த நாற்பது நிமிடத்தில்தான்; அதையும் தமிழ் தின்றுவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வகுப்பின் நோய் ஆங்கிலம் இல்லாமை. தமிழைத் துரத்திவிட்டால் ஆங்கிலம் தானாக வந்து உட்காராது. அங்கே வந்து உட்காருவது மௌனம். புரியாத ஆங்கிலம் நாற்பது நிமிடம் காதில் விழுந்தாலும் அது மழைச் சத்தம்தான். இரண்டு நிமிடத் தமிழ் மீதி முப்பத்தெட்டு நிமிட ஆங்கிலத்தைப் புரியவைக்குமானால், அந்த இரண்டு நிமிடம் ஆங்கிலத்தின் கணக்கில்தான் சேரும்.

மௌனத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கு இந்த விதி உறைக்காது. செங்கல் சூளையிலோ பனியன் கம்பெனியிலோ வேலை பார்க்கிறவரின் மகளுக்கு இரண்டே வழிதான்: பேசாமல் இருப்பது, அல்லது அபராதம் கட்டுவது. அவள் பேசாமல் இருப்பாள். டீச்சர் அவளை ‘டல் ஸ்டூடன்ட்’ என்று எழுதுவார். அவளுக்குத் தெரிந்ததைக் கேட்க அந்த வகுப்பில் வழியே இல்லை. குடும்பத்தின் வசதியை அளந்துவிட்டு அதைப் பிள்ளையின் அறிவு என்று பெயர் மாற்றி எழுதுகிறோம்.

செய்ய வேண்டியவை சிக்கலானவை இல்லை. அந்தப் பலகைகளைக் கழற்றுங்கள்; தாய்மொழியில் பேசியதற்கு அபராதம் வாங்குவதைக் கல்வித்துறை வெளிப்படையாகத் தடை செய்யட்டும். ஆங்கிலப் பாடநூலில் புதிய சொற்களுக்குத் தமிழில் பொருள் அச்சிடுங்கள். பி.எட். படிப்பில் தமிழ் இலக்கணத்தையும் ஆங்கில இலக்கணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தாள் நடத்துங்கள். ‘புத்தகத்தை’யிலிருந்து ‘த’வுக்குப் போகும் வழி ஒவ்வோர் ஆங்கில ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் செய்ய முடியாது என்று சொல்லும் பள்ளி, எந்த ஆய்வை நம்பித் தன் விதியை எழுதியது என்று அந்தப் பலகையின் கீழேயே எழுதிவைக்கட்டும். பெற்றோர் படித்துப் பார்த்துக்கொள்வார்கள்.