எங்க சட்டிக் கொள்ளு மட்டும் சூடா?

எங்களுக்குச் சோறு போட்டவர்கள் நிறையப் பேர். எங்கள் சோற்றைத் தின்றவர்கள் எத்தனை பேர்? சாதி ஒழிந்துவிட்டது என்று பேசுகிறவர்களிடம் நான் கேட்கிற கேள்வி இது ஒன்றுதான்.

பவானியில் ஓய்வு பெற்றவர்கள் சிலர் சேர்ந்து மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறார்கள். பெயர் கூட்டாஞ்சோறு. வீட்டுக்கு ஒரு பதார்த்தம் ஆக்கிக் கொண்டுவர வேண்டும். ஜமக்காளம் விரித்து, எல்லாம் நடுவில் வைத்து, பகிர்ந்து சாப்பிட வேண்டும். பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள், தனியாகக் கிடக்கிற கிழடுகட்டைகள் நாலு வார்த்தை பேசிச் சிரிக்கட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். வயசான காலத்தில் தனிமை எவ்வளவு கொடுமை என்று எனக்கும் தெரியும். அரசாங்க வேலையில் முப்பது வருஷம் இருந்து வெளியே வந்தவன் நான். கூப்பிட்டார்கள், போனேன்.

முதல் மாசமே போன் வந்தது. "நீங்க எதுக்குங்க சார் சிரமப்படறீங்க? இலையும் தண்ணிக் கேனும் கொண்டாந்திருங்க, போதும்." இலை வெட்டினது எவன் கையோ. கேனுக்குக் கம்பெனிக்காரன் சீல் வைத்திருக்கிறான். என் வீட்டு அடுப்பு படாத இரண்டு பொருளை எவ்வளவு கரிசனமாகத் தேடிப் பிடித்திருக்கிறார்கள் பாருங்கள்! ரெண்டாம் மாசமும் இலை, தண்ணி. மூணாவது மாசம் நான் கேட்கவில்லை. என் சம்சாரம் கொள்ளுப் பருப்பு கடைந்து கொடுத்தாள். வரமிளகாய், சீரகம், பூண்டு போட்டுக் கடைந்தது. தூக்குப்போசியில் கொண்டுபோய் நடுவில் வைத்தேன்.

"எனக்குக் கொள்ளு சூடுங்க சார்." "அல்சருங்க, ஒத்துக்கறதில்லீங்க." "டாக்டர் பருப்பே வேண்டாம்னுட்டாருங்க." பதினாலு பேருக்கும் அன்றைக்கு ஒரே வியாதி. போசி நிறைஞ்சபடியே வீட்டுக்கு வந்தது. சம்சாரம் மூடியைத் திறந்து பார்த்தாள். ஒண்ணும் கேட்கவில்லை.

அடுத்த மாசம் இன்னொருத்தர் வீட்டிலிருந்தும் கொள்ளுப் பருப்புதான் வந்தது. வழித்து நக்கினார்கள். அல்சர்காரர் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினார். கொள்ளு சூடு இல்லை தோழர்களே. எங்க சட்டிதான் சூடு.

அந்த ஜமக்காளத்தில் ஒருத்தரை ஒருத்தர் மாமா, மச்சான், பங்காளி என்று முறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எனக்கு மட்டும் 'சார்'. எங்கப்பனைப் பொடிப்பசங்ககூட 'டேய்' போட்டுக் கூப்பிட்ட ஊர் இது. டேய் போய் சார் வந்திருக்கிறது, வேலி மட்டும் போகவில்லை. அவமரியாதையாக நின்ற வேலி இப்போது மரியாதையாக நிற்கிறது, அவ்வளவுதான்.

எங்கம்மா ராத்திரியில் போசியைத் தூக்கிக்கொண்டு பண்ணாடி வீடுகளின் புறவாசலில் நின்று, "சோறு போடுங்க சாமீ" என்று குரல் கொடுத்தவள். பத்து வீட்டுச் சோறும் குழம்பும் ஒரே போசியில் விழும். அதுவும் ஒரு கூட்டாஞ்சோறுதான்! கள்ளிக்காட்டுக்கு வேலைக்குப் போனால் கொட்டாங்குச்சியில் தண்ணி. டீக்கடையில் தனி டம்ளர். கொடுக்கிறவன் ஒசத்தி, வாங்குகிறவன் தாழ்த்தி என்பதுதான் சாதியின் கணக்கு. எங்களுக்குக் கொடுத்தால் அவர்களுக்குத் தீட்டில்லை, புண்ணியம். எங்களிடம் வாங்கினால் தீட்டு.

அதனால்தான் சமபந்தி போஜனம் பார்த்து நான் மயங்குவதில்லை. ஆகஸ்ட் 15க்கும், அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3க்கும் அறநிலையத் துறைக் கோயில்களில் பொது விருந்து வைக்கிறார்கள். அமைச்சரும் கலெக்டரும் எங்காளுகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், போட்டோ வருகிறது. பக்கத்தில் உட்காருவது சரி. சமைத்தது யார்? அந்தக் கேள்வி கேட்டால் பந்தி கலைந்துவிடும். 2018இல் அவினாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் கலைந்தது. அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாதென்று ஆதிக்க சாதிப் பெற்றோர்கள் எதிர்த்தார்கள். அந்தம்மாவுக்கு மாற்றல் உத்தரவு போட்டார்கள். போராடின பிறகுதான் அது ரத்தானது.

1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டார்கள். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கொதிப்பு நியாயமானது. அந்தப் பெரியார் பிறந்த ஈரோடு, எங்கள் பவானிக்குப் பக்கத்து ஊர். பார்ப்பான் பந்தியில் தனக்கு இடமில்லை என்றபோது வலித்த இடைநிலைச் சாதிக்காரருக்கு, தன் பந்தியில் எங்க சட்டிக்கு இடமில்லை என்பது ஏன் வலிக்கவில்லை? கேரளத்தில் 1917இல், செறாயியில், ஈழவரான சகோதரன் அய்யப்பன் புலையரோடு சேர்ந்து உட்கார்ந்து உண்டார். 'புலையன் அய்யப்பன்' என்று சொந்த சாதியே ஏசியது. அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். இங்கே அப்படிப் பட்டம் வாங்க எத்தனை பேர் தயார்?

சேர்ந்து சாப்பிட்டால் சாதி போய்விடுமா என்று நம் தோழர்களே கேட்பார்கள். போகாது. சமபந்தியால் சாதி உணர்வு சாகவில்லை, கலப்பு மணமே உண்மையான மருந்து, சாஸ்திரங்களின் புனிதத்தை உடைக்க வேண்டும் என்று அம்பேத்கர் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதிவிட்டார். லாகூர்க்காரர்கள் அந்த உரையைப் பேசவே விடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பேரன் பேத்திகளுக்கு ஜாதகம் பார்ப்பதும், சம்பந்தம் பேசுவதும், யார் வீட்டில் கை நனைக்கலாம் என்று தீர்ப்புச் சொல்வதும் இதே கிழடுகட்டைகள்தான். கை நனைத்தால் உறவு என்பது இந்த மண்ணின் சட்டம். எங்க கொள்ளுப் பருப்பில் அவர்கள் கை படாததற்குக் காரணம் அல்சர் இல்லை, உறவாகிவிடுமே என்கிற பயம். சோற்றுப்பந்திக்கும் கல்யாணப்பந்திக்கும் நடுவில் இருக்கிற கதவை அந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்துதான் காவல் காக்கிறார்கள்.

நம்மையும் விட்டுவைக்கக் கூடாது. சேரிக்குள்ளேயே பறையர் வீட்டில், பள்ளர் வீட்டில், மாதாரி வீட்டில் கை நனைக்க யோசிக்கிறவர்கள் இருக்கிறார்களா இல்லையா? இருக்கிறார்கள். மேடையில் தலித் ஒற்றுமை, இலையில் தனித்தனி. அந்தப் போசியைக் கடைந்தவள் என் சம்சாரம், கூட்டத்துக்குப் போனவன் நான். அவளை ஒரு நாளும் கூட்டிப் போகவில்லை. இதையும் நானே எழுதியாக வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்கு இப்போது நான் போவதில்லை. எங்கள் காலனிப் புளியமரத்தடியில் சாயங்காலம் நாலு கிழவிகள் உட்காருவார்கள். ஒருத்தி களி கொண்டுவருவாள், ஒருத்தி கருவாட்டுக் குழம்பு, ஒண்ணும் இல்லாதவள் வெங்காயம் உரிப்பாள். யாருக்கும் போன் போட்டு யாரும் பட்டியல் கொடுப்பதில்லை. இப்போது நாங்கள் ரெண்டு பேரும் அங்கேதான் உட்காருகிறோம்.

பெரியவர்களே, உங்களோடு எனக்குப் பகை இல்லை. சிநேகம் வேண்டுமென்று கூப்பிட்டவர்கள் நீங்கள். அடுத்த கூட்டாஞ்சோற்றை எங்க காலனியில் வையுங்கள். ஜமக்காளம் எங்களிடம் இருக்கிறது. கொள்ளும் கடைந்து வைக்கிறோம். நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க? இலையும் தண்ணிக் கேனும் கொண்டாந்தால் போதும்.