வாவென்று அழைத்தவர் வீடு சேர்க்க வேண்டாமா?

மகப்பேறு என்பது மருத்துவமனைப் பதிவேட்டில் இடும் ஒரு கையொப்பத்தோடு முடிந்துவிடுவதாக நம்மிடையே ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. குழந்தையின் எடையை எழுதுகிறார்கள். காசநோய்த் தடுப்பூசியும் போலியோ சொட்டு மருந்தும் கொடுத்த நாளைக் குறிக்கிறார்கள். தாயின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார்கள். மீண்டும் எந்நாளில் வரவேண்டும் என்றும் எழுதித் தருகிறார்கள். பின்னர், "நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்கிறார்கள். எதில் போவீர்கள் என்று கேட்பதற்கு மட்டும் அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. இந்த ஒரு வரியைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம். பொருள் சிறிது என்று கருதுவோர் பக்கத்தைப் புரட்டிவிடலாம். சொந்தக் கார் இல்லாத வீட்டில் பிறந்தவர்கள் புரட்டமாட்டார்கள் என நம்புகிறோம்.

நம் பாட்டிமார் காலத்தில் இப்படியொரு கேள்வியே எழவில்லை. மருத்துவச்சி வீடு தேடி வந்தாள். குழந்தை பிறந்த அறையும் உறங்கிய அறையும் ஒன்றே. அதன் முதற்பயணம் திருமுழுக்குக்காகக் கோவிலுக்குச் செல்வதாக இருந்தது; அதுவும் கூப்பிடு தூரந்தான். அக்காலத்தை மீட்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்த அறைகளில் எத்தனை தாய்மார் குருதிப்போக்கில் மடிந்தனர் என்பதைக் கல்லறைத் தோட்டத்துப் பழைய சிலுவைகள் சொல்லும். அதனாலன்றோ அரசும் மருத்துவரும் ஊர் ஊராகச் சென்று, "வீட்டில் பெறாதீர், மருத்துவமனைக்கு வாருங்கள்" என்றனர்! கிராம செவிலியர் வரப்புகளில் நடந்து சென்று வாசலில் நின்று சொன்னார்கள். நாமும் பலிபீடத்தருகே நின்று சொன்னோம். மக்கள் கேட்டார்கள். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிள்ளைப்பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்துள்ளன. உலகில் எந்நாடும் பெருமைப்படத்தக்க வெற்றி இது.

ஆனால் இவ்வெற்றிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. இன்று தமிழகத்தில் பிறக்கும் ஏறத்தாழ ஒவ்வொரு குழந்தையும், கண் சரியாகத் திறக்கும் முன்னரே ஒரு பயணம் செய்தாக வேண்டும். இப்பயணம் இயற்கை விதித்ததன்று. குடும்பம் விரும்பித் தேடிக்கொண்டதுமன்று. நாம் வரச்சொன்னதால் நேர்ந்தது. விருந்துக்கு அழைத்தவன், இரவில் விருந்தினரை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் ஊர் என்ன சொல்லும்? வாவென்று அழைத்தவருக்கு வீடு சேர்க்கும் கடமையும் உண்டு என்பதே நம் வாதம்.

குழந்தை வளர்ப்பு நூல்கள் சிலவற்றைப் புரட்டினோம். மேல்நாட்டு நூல்களின் வழிவந்தவை அவை. வீடு திரும்பும் நாளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது: குழந்தைக்கான இருக்கையைக் காரின் பின்னிருக்கையில், பின்னோக்கி இருக்குமாறு பொருத்துக என்பதோடு அப்பகுதி முடிகிறது. அறிவுரை தவறன்று, கார் உள்ளவர்க்கு அது உயிர்காக்கும் அறிவுரை. நம் நாட்டில் கார் உள்ளவர் எத்தனை பேர்? 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், கார் அல்லது ஜீப் வைத்திருந்த குடும்பங்கள் நூற்றுக்கு 5கூட இல்லை. முன்னர்ச் சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 8 ஆயிற்று. எஞ்சிய 92 குடும்பங்களுக்கு நூலாசிரியரிடம் சொல் இல்லை.

சட்டத்தின் பார்வையும் இதே வழிதான். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை இருக்கைப் பட்டையாலோ குழந்தைக்குரிய காப்பிருக்கையாலோ பிணைக்காமல் வண்டி ஓட்டினால் 1000 ரூபாய் தண்டம் என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினர். ஆட்டோவில் எந்தப் பட்டையால் பிணைப்பது? 2022இல் மற்றொரு விதி வந்தது: இருசக்கர வண்டியில் செல்லும் 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கச்சை வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, 9 மாதம் முதல் தலைக்கவசமும் வேண்டும் என்றது. நல்ல விதியே. மூன்று நாள் குழந்தைக்குப் பொருந்தும் கவசம் எங்கும் இல்லை என்பதை விதி எழுதியவர் அறிந்திருந்தார் என்றே தோன்றுகிறது. அப்படியானால் அக்குழந்தை எதில் செல்ல வேண்டும் என்பதையும் அவரே சொல்லியிருக்கலாம்.

அவர் சொல்லாததை ஒவ்வொரு குடும்பமும் மருத்துவமனை வாசலில் நின்று தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. அந்த வாசலைக் காணாதவர்க்காகச் சற்று விரித்துரைப்போம். ஒரு கையில் வாளி. அதனுள் சோப்பு, தட்டு, டம்ளர். மற்றொரு கையில் சுருட்டிய பாயும் தலையணையும். வெந்நீர் ஃபிளாஸ்க். கஞ்சி வந்த தூக்குவாளி. பழைய சேலைகளைத் திணித்த மஞ்சள் பை. 2015இல் அரசு குழந்தைகளுக்கென 16 பொருள்கள் அடங்கிய பெட்டகம் ஒன்றை வழங்கத் தொடங்கியபோது மகிழ்ந்தோம். சுமக்க இன்னுமொரு பை சேர்ந்தது என்று ஒரு பாட்டி நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். இத்தனையையும் தகப்பனும் பாட்டியும் பகிர்ந்துகொள்ள, பெற்றவள் பிள்ளையை ஏந்தி நிற்கிறாள். வயிற்றில் தையல் போட்டிருந்தால் நிமிர்ந்தும் நிற்க இயலாது.

இனி வண்டி. ஆட்டோ என்றால் மருத்துவமனை வாசலுக்கென்று ஒரு வாடகை உண்டு. கைக்குழந்தையைக் கண்டதும் அது ஏறுமேயன்றி இறங்காது. (இதற்கு விலக்கான ஓட்டுநர்களும் உண்டு. பச்சைக்குழந்தை என்றால் பணமே வாங்காத ஒருவரை நாம் அறிவோம். ஆனால் நல்ல மனிதர்களை நம்பி ஓர் ஏற்பாட்டை நடத்த முடியாது.) ஷேர் ஆட்டோவில் எட்டுப்பேர் மூச்சுக்காற்றின் நடுவே குழந்தை இருக்கும், அவர்களில் எவருக்கு இருமல் என்று யார் கேட்பது? 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஏழைத் தாய்மார்க்கு அது பெரிய உதவி என்பதை மறுக்கமாட்டோம். எனினும், அறுவையில் பெற்றவளுக்கு அதன் முதற்படி முழங்கால் உயரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு வேகத்தடையும் தையலைத் தொடுகிறது. தொலைவிலுள்ள ஊர்களுக்குப் போகும் புறநகர்ப் பேருந்தில் அந்தச் சலுகையும் இல்லை. எஞ்சியது மோட்டார் சைக்கிள். ஓட்டுபவரைத் தவிர ஒருவரே அதில் ஏறலாம் என்பது சட்டம். கணவன், மனைவி, இடையில் குழந்தை, பின்னால் பாட்டி என்பது நடைமுறை.

இதைக் கண்டு, "படிப்பறிவில்லாத சனங்கள்" என்று முகம் சுளிப்போர் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 செல்சியஸ் பாகைக்குள் நிற்கவேண்டும். பெரியவர் போல் அது தன் சூட்டைக் காத்துக்கொள்ளாது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தை இன்னும் விரைவில் குளிர்ந்துவிடும். ஆகவே, பிரசவ அறை முதல் பயணம் வரை வெப்பம் அறுபடாத சங்கிலியாக இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், வெப்பப்பெட்டிகள் போதாத மருத்துவமனையில், எட்கர் ரே என்னும் மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலும் தோலும் ஒட்டக் கட்டிவைத்தார். இன்று உலகமெங்கும் அம்முறையைப் பின்பற்றுகின்றனர். ஆதலின், பேருந்தின் சன்னலோரத்தில் முந்தானைக்குள் குழந்தையை நெஞ்சோடு அணைத்திருக்கும் தாய் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. அவ்வேளையில் அவள் கையில் இருக்கும் மிகச்சிறந்த மருத்துவத்தைச் செய்கிறாள். மோட்டார் சைக்கிளின் எதிர்க்காற்றைத்தான் அவளால் தடுக்க முடியாது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நேர்மையன்று. 2011 சூன் 1 அன்று நடுவணரசு தொடங்கிய தாய்-சேய் பாதுகாப்புத் திட்டம், அரசு மருத்துவமனையில் பெறும் ஒவ்வொரு தாய்க்கும் வருவதற்கும், வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதற்கும், பெற்றபின் வீட்டில் கொண்டுபோய் விடுவதற்கும் கட்டணமற்ற ஊர்தியை உரிமையாகவே வழங்கியது. 102 என்ற எண்ணில் அழைக்கும் தாய்-சேய் ஊர்தி அவ்வழி வந்ததே. ஆக, வீடு சேர்ப்பது நம் கடமை என்பதை அரசே ஏட்டளவில் ஒப்புக்கொண்டுவிட்டது. பின் ஏன் வாசலில் இந்தக் கூட்டம்? ஊர்தி ஒன்று, தாய்மார் பலர். அது ஒவ்வொரு ஊராகச் சுற்றி வரும்வரை, கட்டிலைக் காலிசெய்தவர்கள் மரத்தடியில் காத்திருக்கிறார்கள். அப்படி ஓர் உரிமை இருப்பதையே பலருக்கு எவரும் சொல்வதில்லை.

நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளம் இணையர் ஐப்பசி மாதத்தில் அவ்வாறு நின்றனர். பிற்பகல் நான்கரை மணிக்கு அவர்களை விடுவித்தார்கள். ஊர்தி சென்றிருக்கிறது, எப்போது திரும்பும் என்று தெரியாது என்றார்கள். ஊருக்குச் செல்லும் கடைசிப் பேருந்து ஐந்தே முக்காலுக்கு. ஐந்தரை வரை ஊர்திக்குக் காத்திருந்ததில் அதுவும் கைநழுவிற்று. மைத்துனனின் மோட்டார் சைக்கிளில், தூறலில், பாலித்தீன் தாளைப் போர்த்திக்கொண்டு 20 கிலோமீட்டருக்கு மேல் சென்றார்கள். குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. அதனாலேயே இந்நிகழ்ச்சி எந்தப் பதிவேட்டிலும் இல்லை. விபத்தானால் காவல்துறை எழுதும். இறந்தால் மருத்துவமனை எழுதும். குளிரில் நீலம் பூத்த பாதங்களை ஒரு பாட்டி இரவெல்லாம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றியதை எழுதுவார் யார்?

"பத்து மாதம் இருந்ததே, முன்னரே ஏற்பாடு செய்திருக்கலாமே" என்று கேட்போர் உண்டு. எந்த நாளில், எந்த மணியில் விடுவிப்பார்கள் என்பது முந்தின இரவுகூடத் தாய்க்குத் தெரிவதில்லை. பெரிய மருத்துவர் பார்வையிட்ட பின்னரே தெரியும். அவர் வரும் நேரம் அவர்க்கே வெளிச்சம். நேரம் தெரியாத பயணத்துக்கு வாடகைக் கார் பேசுவது எப்படி? "அரசு பணம் கொடுக்கிறதே" என்பது அடுத்த வாதம். முத்துலட்சுமி அம்மையார் பெயரிலான மகப்பேற்று உதவியை 2018இல், ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து, 18,000 ரூபாயாக உயர்த்தியது உண்மையே. அது தவணை தவணையாக வங்கிக்குச் செல்லும் பணம். வாசலில் கைநீட்டும் வண்டிக்காரருக்கு அன்று மாலையே அதை எடுத்துக் கொடுக்க முடியாது. வண்டிக்கென்று முடிந்து வைத்திருந்த பணமோ, வாசலுக்கு வருமுன்னரே கரைந்துவிடுகிறது. பிள்ளையைத் துடைத்துக் கையில் கொடுத்தவருக்கு, தள்ளுவண்டி தள்ளியவருக்கு, கதவு திறந்தவருக்கு என்று. ஆண்பிள்ளையானால் ஒரு தொகை, பெண்ணானால் சற்றுக் குறைவு. பெண்ணின் மதிப்பை இந்நாடு முதல் மணிநேரத்திலேயே கணக்கிட்டுச் சொல்லிவிடுகிறது.

தனியார் மருத்துவமனைகளைப் பற்றி என்ன சொல்ல? மேற்சொன்ன திட்டம் அரசு நிலையங்களுக்கு மட்டுமே உரியது. தனியாரிடம், அதிலும் நம் திருச்சபையின் மருத்துவமனைகளில், பெறுவோரெல்லாம் காருள்ளவர் என்று எவர் சொன்னார்? அரசு மருத்துவமனைக்கு அஞ்சி, நகையை அடகு வைத்துவிட்டு அருள்சகோதரிகளிடம் வருவோரே அதிகம். அங்கும் காலையில் விடுவித்த தாயின் கணக்கு மாலையில்தான் முடிகிறது. பணம் கட்டிய பின் இராகுகாலம் கழியட்டும் என்று காத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. (கிறிஸ்தவக் குடும்பங்களும் இதில் அடக்கம்; அதை வேறொரு கட்டுரையில் கவனித்துக்கொள்வோம்.) வாசலுக்கு வருகையில் விளக்கு வைத்தாயிற்று.

பெத்லகேமை விட்டு எகிப்துக்குச் சென்ற குடும்பத்தை ஓவியர்கள் எப்போதும் ஒரு கழுதையோடுதான் வரைகிறார்கள். நற்செய்தியில் அங்கே கழுதை இல்லை, தேடிப் பார்க்கலாம். கைக்குழந்தையோடு ஒரு தாய் நடந்து செல்வதைக் காணப் பொறாத எவரோ ஓர் ஓவியர், தம் தூரிகையால் ஒரு வாகனம் கொடுத்தார். பின்வந்தோர் அதை மறுக்கவில்லை.

அந்த ஓவியருக்கிருந்த அக்கறை நிருவாகத்துக்கும் வேண்டும் என்கிறோம். நண்பகலுக்குப் பின் எந்தத் தாயையும் விடுவிக்கலாகாது. தவிர்க்க இயலாதெனில், ஊர்தி வரும்வரை கட்டில் அவளுடையது. விடுவிக்கும் தாளில், எதில் செல்கிறார்கள், யார் உடன் செல்கிறார்கள் என்று ஒரு வரி அச்சிட வேண்டும். அதை நிரப்பாமல் கையொப்பம் இடலாகாது. குழந்தையை மார்போடு அணைத்து, தலைக்குக் குல்லாய் இட்டு, முகம் மூடாமல் எடுத்துச் செல்லும் முறையைச் செவிலியர் ஐந்து நிமிடம் கற்பிக்க வேண்டும். 102 ஊர்தியின் எண்ணிக்கை ஒவ்வொரு மருத்துவமனையின் மகப்பேற்று எண்ணிக்கையோடு பொருந்தவேண்டும். நம் மருத்துவமனைகள் அரசுக்காகக் காத்திராமல் தம் வண்டிகளை இதற்கு விடலாம். பெரும்பாலான பங்குகளிலும் இன்று ஒரு வண்டி நிற்கிறது. வாரத்தில் எத்தனை நாள் அது நிழலில் நிற்கிறது என்பதைப் பங்கு மக்கள் அறிவர்.

இதை அண்மையில் ஒரு பங்குப் பேரவையில் முன்வைத்தோம். டீசலுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டார்கள். சென்ற ஆண்டுத் திருவிழா வாணவேடிக்கைக் கணக்கை ஒருமுறை வாசிக்கும்படி பொருளாளரைக் கேட்டுக்கொண்டோம்.